மெல்போர்னில் இத்தாலிய மொழி விழா: எதை முதலில் செய்வது, எங்கே தவறுகிறோம்

மெல்போர்ன் நகரின் வடக்கே, பிரன்ஸ்விக், கோபர்க், ரெசர்வாயர் பக்கமெல்லாம், இத்தாலியக் குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழ்கின்றன. அங்குள்ள ஒரு சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் ஒருநாள் விழாவில் ஆறு ஆண்டுகளாகத் தன்னார்வலராக வேலை செய்கிறேன். இத்தாலிய மொழியை நான் கற்றதும் அந்தச் சங்கத்தின் மாலை வகுப்பில்தான்.

ஒவ்வோர் ஆண்டும் குழுவுக்குப் புதியவர்கள் வருவார்கள். எல்லோரும் ஒரே வரிசையில்தான் தொடங்குவார்கள்: முதலில் பீட்சா, அடுத்து மேடை, இடம் மிச்சமிருந்தால் மொழி. விழா முடியும்போது தட்டுகள் காலியாகியிருக்கும், வந்தவர்களில் ஒருவர்கூட ஓர் இத்தாலிய வாக்கியம் பேசியிருக்கமாட்டார். ஆஸ்திரேலியக் கணக்கெடுப்பின்படி வீட்டில் இத்தாலியம் பேசுவோர் 2016-இல் சுமார் 2.71 லட்சம், 2021-இல் சுமார் 2.28 லட்சம். பேசியவர்கள் முதுமையடைந்து மறைந்துகொண்டிருக்கிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் மொழியை முன்னால் வைத்து, மற்றவற்றை அதைச் சுற்றி அமைத்திருக்கிறேன்.

1. முதலில் ஊரைக் கேளுங்கள்

தேதிக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. உங்கள் பகுதியில் இருப்பவர்கள் இத்தாலியின் எந்தப் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்நாட்டில் 20 மாநிலங்கள் இருக்கின்றன. வடக்கே உள்ள வெனெத்தோவிலிருந்து வந்த குடும்பத்துக்குப் பண்டிகைச் சாப்பாடு பொலெந்தா என்னும் மக்காச்சோளக் களியாக இருக்கும். தெற்கே உள்ள கலாப்ரியாக்காரருக்கு அது அந்நியம். பாட்டு, நடனம், சீட்டுக்கட்டின் படங்கள் எல்லாமே மாறும்.

இதைக் கேட்காமல் திட்டம் போட்டால், விளம்பரப் படங்களில் பார்த்த ஒரு பொது இத்தாலிதான் விழாவில் நிற்கும். ஒரு முறை நாங்கள் மேடையை முழுக்க நேப்பிள்ஸ் பாடல்களால் நிரப்பினோம். வடகிழக்கே உள்ள ஃப்ரியூலியிலிருந்து வந்த முதியவர்கள் இரண்டு வரிசையாக அமைதியாக உட்கார்ந்திருந்துவிட்டு, மூன்று மணிக்கே எழுந்து போனார்கள். மறுவருடம் அவர்களிடம் போய்க் கேட்டோம். கூட்டுப்பாடல் பாட அவர்களே ஒரு குழுவாக வந்தார்கள்.

கேட்கும் முறை எளிது. சங்கத்தில், தேவாலயத்தில், முதியோர் மதிய உணவு நடக்கும் கூடத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். பிறந்த ஊர், மாநிலம், செய்யத் தெரிந்த ஒரு பலகாரம், தெரிந்த ஒரு பாட்டு: நான்கே கேள்விகள். இரண்டு வாரத்தில் விழாவின் பாதி நிகழ்ச்சி நிரல் அந்த நோட்டில் இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. வடக்கத்தியரைத் தெற்கத்தியரும், தெற்கத்தியரை வடக்கத்தியரும் குத்திப் பேசும் வசைச்சொற்கள் இத்தாலியத்தில் உண்டு. மேடையில் நகைச்சுவைக்காகக்கூட அவற்றை அனுமதிக்காதீர்கள். அந்தச் சொற்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள்.

2. தேதி: பள்ளி நாட்காட்டியை எதிரில் வைத்துக்கொண்டு

இத்தாலிய மொழிக்கென்றே உலகெங்கும் ஒரு வாரம் கொண்டாடப்படுகிறது. 2001 முதல் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் நடக்கிறது. இத்தாலிய வெளியுறவு அமைச்சகமும், ஃபுளோரன்ஸில் 1583-இல் தோன்றிய க்ருஸ்கா அகாதெமி என்னும் மொழி அமைப்பும் அதன் பின்னணியில் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஒரு கருப்பொருள் அறிவிப்பார்கள். 2021-இல் கவிஞர் தாந்தே, 2022-இல் இளைஞர்கள். அந்த வாரத்தின் சனி அல்லது ஞாயிறைத் தேர்ந்தெடுப்பது நல்லது. துணைத் தூதரகமும் இத்தாலியப் பண்பாட்டு நிலையமும் அந்தச் சமயத்தில் ஏற்கெனவே நிகழ்ச்சிகள் வைத்திருக்கும். சீக்கிரம் கேட்டால் ஒரு பேச்சாளரோ கண்காட்சியோ கிடைக்க வாய்ப்புண்டு.

ஜூன் 2, குடியரசு நாள், பலருக்கும் உடனே தோன்றும் தேதி. ஆனால் மெல்போர்னில் அது குளிர்காலத் தொடக்கம். திறந்தவெளியில் 80 வயதுக்காரர்களை உட்கார வைக்க முடியாது. கூடத்துக்குள் நடத்துவதானால் மட்டும் அந்த நாளை எடுங்கள்.

அக்டோபரிலும் ஒரு சிக்கல் உண்டு. மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் மூன்றாம் பருவம் செப்டம்பரில் முடிந்து இரண்டு வாரம் விடுமுறை வரும். விழாவில் பாடப் போகும் குழந்தைகள் விடுமுறையில் பாட்டை மறந்துவிடுவார்கள். ஆகவே ஜூலை மாதமே இத்தாலிய ஆசிரியர்களிடம் பேசிவிடுங்கள். பாட்டு ஆகஸ்டில் மனப்பாடம் ஆக வேண்டும். விடுமுறைக்கு முன் ஒலிப்பதிவைப் பெற்றோருக்கு அனுப்ப வேண்டும். பள்ளி திறந்த வாரம் ஒரே ஒரு ஒத்திகை போதும். செப்டம்பரில் போய்க் கேட்கும் குழுவுக்கு ஆசிரியர்கள் மறுக்கத்தான் செய்வார்கள். அது அவர்கள் குற்றமில்லை.

3. மொழிக்கு ஒரு பொறுப்பாளர்

உணவுக்கு ஒருவர், மேடைக்கு ஒருவர், பணத்துக்கு ஒருவர் என்று பிரிக்கும்போது மொழியை எல்லோருடைய வேலையாக விட்டுவிடுவார்கள். எல்லோருடைய வேலை யாருடைய வேலையும் ஆகாது. முதல் கூட்டத்திலேயே மொழிக்கென ஒருவரை நியமியுங்கள். அவருக்கு இரண்டு அதிகாரங்கள் வேண்டும்: மைதான வரைபடத்தில் முதல் இடத்தைத் தேர்ந்தெடுப்பது, அச்சுக்குப் போகும் ஒவ்வோர் எழுத்தையும் பார்த்து ஒப்புதல் தருவது.

முதல் அதிகாரம் ஏன் என்றால், எங்கள் முதல் ஆண்டில் மொழி மேசை ஒலிபெருக்கிக்கும் கழிப்பறைக்கும் நடுவே போய்ச் சேர்ந்தது. வரைபடத்தை வரைந்தவள் நான். மின் இணைப்பு தேவைப்படாத மேசை என்பதால் கடைசியாக வைத்தேன். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காத இடத்தில் மொழி எப்படி நடக்கும்?

4. அனுமதியும் காப்பீடும்

இது அலுப்பான பகுதி, ஆனால் தாமதமானால் மற்றதெல்லாம் நின்றுவிடும். பிப்ரவரியில் முதல் கூட்டம் என்றால், மார்ச்சில் நகராட்சி விண்ணப்பம் போக வேண்டும். பூங்கா முன்பதிவு, பொதுப் பொறுப்புக் காப்பீடு, கூட்டத்தின் அளவைப் பொறுத்துப் பொது நிகழ்ச்சிக்கான அனுமதி ஆகியவை அடிப்படை. காப்பீட்டுத் தொகை பெரும்பாலும் 2 கோடி டாலருக்குக் கேட்பார்கள். சங்கத்தின் வழக்கமான காப்பீடு வெளி மைதானத்தையும் உள்ளடக்குமா என்று எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒயின் விற்பதானால் தற்காலிக மது உரிமம் தனி. இசை ஒலிக்கப் போகிறது என்றால் இசைக் காப்புரிமையைக் கவனிக்கும் ஒன்மியூசிக் அமைப்பின் உரிமமும் தேவை. ஒவ்வோர் உணவுக் கடையும் உணவு விற்பவர்களுக்கான ஃபுட் டிரேடர் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வீட்டில் சமைத்துக் கொண்டுவரும் பாட்டிமார்களுக்கும் இந்த விதி உண்டு. அவர்களைச் சங்கத்தின் பதிவுபெற்ற சமையலறைக்கு அழைத்துவந்து சமைக்க வைப்பதே சுலபமான வழி.

புனிதரின் திருவுருவத்தை வீதியில் தூக்கிச் செல்லும் ஊர்வலம் வேண்டுமென்றால், சாலை மூடும் அனுமதிக்கு இன்னும் முன்னதாகத் தொடங்குங்கள். முதல் ஆண்டில் மைதானத்துக்குள்ளேயே சுற்றி வாருங்கள்.

5. மொழியை வரிசையில் நிற்பவரிடம் கொண்டுபோங்கள்

தனி மேசை போட்டு, அகராதி அடுக்கி, வருபவர்களுக்காகக் காத்திருந்தால் ஏற்கெனவே மொழி தெரிந்தவர்தான் வருவார். மற்றவர்கள் காப்பி வரிசையில் நிற்கிறார்கள். அங்கேதான் மொழி போக வேண்டும்.

நாங்கள் செய்வது இது. நுழைவாயிலில் ஒவ்வொருவருக்கும் உள்ளங்கை அளவு அட்டை ஒன்று கொடுக்கிறோம். அதில் ஐந்து வாக்கியங்கள். “வொர்ரேய் உன் கஃப்ஃபே, பெர் ஃபவோரே” என்றால் ஒரு காப்பி வேண்டும் என்று பணிவாகக் கேட்பது. “குவாந்தோ கோஸ்தா?” என்றால் விலை என்ன. “கோமே சி கியாமா?” என்றால் உங்கள் பெயர் என்ன. ஒவ்வொரு கடையிலும் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முத்திரை வாங்க வேண்டும். ஐந்து முத்திரையும் விழுந்த அட்டையை மொழி மேசையில் காட்டினால் ஒரு சிறிய கன்னோலி (ரிக்கோத்தா என்னும் பாலாடைக்கட்டி நிரப்பிய மொறுமொறுப்பான இனிப்புக் குழல்) இலவசம். அப்போதுதான் மேசைக்குக் கூட்டம் வருகிறது, வருபவர் ஏற்கெனவே ஐந்து முறை பேசிவிட்டு வருகிறார்.

இதில் புதியவர்கள் செய்யும் தவறு, கடைக்காரர்களுக்குச் சொல்லித்தராமல் விடுவது. ஒருவர் தட்டுத்தடுமாறி இத்தாலியத்தில் கேட்கும்போது கடைக்காரர் சட்டென்று ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டால், அவர் அன்று மறுபடி வாய் திறக்கமாட்டார். விழாவுக்கு முந்தைய வாரம் எல்லாக் கடைக்காரர்களையும் அழைத்து அரை மணி நேரம் பழக்குங்கள். மெதுவாகப் பதில் சொல்லுங்கள், திருத்தாதீர்கள், சரியான உச்சரிப்பில் நீங்கள் ஒரு முறை திருப்பிச் சொன்னால் போதும். இந்த அரை மணி நேரத்தை எந்த ஆண்டும் விட்டுவிடாதீர்கள்.

உச்சரிப்பில் இரண்டு விஷயங்களை மட்டும் வலியுறுத்துங்கள். ஒன்று, இரட்டை மெய். நமக்குப் பலி வேறு, பல்லி வேறு. அதுபோலவே இத்தாலியத்தில் ‘பாலா’ என்றால் மண்வாரி, ‘பல்லா’ என்றால் பந்து. ‘நோனோ’ ஒன்பதாவது, ‘நோன்னோ’ தாத்தா. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை என்பதால் இங்கே பிறந்த பேரப்பிள்ளைகள் தாத்தாவை ஒன்பதாவதாக ஆக்கிவிடுகிறார்கள். கைதட்டி இரட்டை மெய்யில் நிறுத்திச் சொல்லச் செய்தால் பத்து நிமிடத்தில் வந்துவிடும். இரண்டாவது, எழுத்தைப் பார்த்து ஆங்கிலமாகப் படிக்கும் பழக்கம். சுட்ட ரொட்டிப் பலகாரத்தின் பெயர் புருஸ்கெத்தா, புருஷெட்டா அன்று. ஞொக்கி என்னும் உருளைக்கிழங்கு உருண்டையின் பெயரில் வரும் முதல் ஒலிக்குத் தமிழில் ஓர் எழுத்தே இருக்கிறது, ஆங்கிலத்தில் இல்லை. தமிழ்ப் பிள்ளைகள் தன்னார்வலராக வந்தால் இந்த மேசையில் உட்கார வையுங்கள்.

மரியாதை வடிவத்தையும் கற்பியுங்கள். பெரியவரிடம் ‘தூ’ என்று பேசக்கூடாது, ‘லேய்’ என்று பேச வேண்டும். நீ, நீங்கள் என்று வளர்ந்தவர்களுக்கு இது விளக்கம் வேண்டாத செய்தி. ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்த குழந்தைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். அட்டையில் மரியாதை வடிவத்தையே அச்சிடுங்கள்.

அடுத்தது முதியவர்கள். “என் இத்தாலியம் நல்லதில்லை” என்று ஒதுங்கிக்கொள்வார்கள். அவர்களில் பலர் வீட்டில் பேசியது வட்டாரமொழி. பள்ளியில் கொஞ்ச காலம் மட்டுமே பொது இத்தாலியத்தைக் கேட்டவர்கள். இத்தாலியில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1954-இல்தான் முறையாகத் தொடங்கியது; அது பொதுமொழியை வீடுகளுக்குள் கொண்டுபோவதற்கு முன்பே கப்பலேறியவர்கள் நிறைய. அவர்களை ஆசிரியராக உட்கார வைத்தால் கூச்சப்படுவார்கள். ஒரு தர்ப்பூசணிப் படத்தையும் துணி மாட்டும் கொக்கி ஒன்றையும் வைத்து, “உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்?” என்று கேளுங்கள். வடக்கே ‘அங்கூரியா’ என்பார்கள், நடு இத்தாலியில் ‘கொகோமெரோ’, தெற்கே தண்ணீர் மெலோன் என்று பொருள்படும் பெயர். கொக்கிக்கு ‘குருச்சா’, ‘ஸ்தாம்பெல்லா’, ‘ஒமேத்தோ’ என்று வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு சொல்லையும் பெரிய தாளில், சொன்னவரின் ஊரோடு எழுதி ஒட்டுங்கள். போன ஆண்டு மோலிசேயிலிருந்து வந்த ஒரு பாட்டி, தன் சொல் சுவரில் ஏறியதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகவே மனமில்லாமல் அந்தத் தாளின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

குழந்தைகளுக்கு நாப்பழக்கம்: “சோப்ரா லா பாங்கா லா காப்ரா காம்பா, சோத்தோ லா பாங்கா லா காப்ரா க்ரேபா.” பெஞ்சுக்கு மேலே ஆடு பிழைக்கிறது, பெஞ்சுக்குக் கீழே ஆடு சாகிறது. ஒரு பெஞ்சும் பொம்மை ஆடும் இருந்தால் அரை மணி நேரம் போய்விடும்.

6. உணவு: வரிசையின் வேகத்தைக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுங்கள்

சுவையை மட்டும் வைத்துப் பட்டியல் போடாதீர்கள். ஒரு தட்டுக்கு எத்தனை விநாடி என்பதே முதல் கேள்வி.

நேப்பிள்ஸ் முறை பீட்சாவுக்கு அடுப்பு 485 டிகிரி அளவில் கொதிக்க வேண்டும். ஒரு பீட்சா 60 முதல் 90 விநாடியில் வெந்துவிடும். அடுப்பு வேகமானது, மாவைத் தட்டும் கை அவ்வளவு வேகம் போகாது. ஓர் அடுப்புக்கு மாவு தட்டுபவர் இருவர், அடுப்பில் ஒருவர் வேண்டும். இரண்டு பேரோடு தொடங்கினால் பன்னிரண்டரை மணிக்கு வரிசை மொழி மேசையை மறைத்துவிடும்.

பாஸ்தாவுக்கு ஒரு பழைய கணக்கு: 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. 200 பேருக்கு 200 லிட்டர் கொதிநீர். பூங்காவில் அது நடக்காது, நடந்தாலும் ஆபத்து. அடுப்பில் சுட்டு எடுக்கும் லசாஞ்ஞாவோ பொலெந்தாவோ போடுங்கள். பொலெந்தாவுக்கு ஒரு பங்கு மாவுக்கு நான்கு பங்கு தண்ணீர், முக்கால் மணி நேரம் கிளறல். பெரிய பாத்திரத்தை நடுவில் வைத்து ஆண்கள் மாற்றி மாற்றிக் கிளறுவதே ஒரு காட்சி. சுற்றி நிற்பவர்களோடு பேச நேரமும் கிடைக்கிறது.

சுகோ எனப்படும் தக்காளிச் சாற்றை முந்தைய நாள் காய்ச்சுவார்கள். ஆறவைக்கும் விதியை மறக்காதீர்கள்: 60 டிகிரியிலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5-க்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். பெரிய அண்டாவில் அப்படியே விட்டால் நடுப்பகுதி விடியும்வரை சூடாக இருக்கும். ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து ஊற்றுங்கள்.

கன்னோலியை முன்கூட்டியே நிரப்பாதீர்கள். ரிக்கோத்தாவின் ஈரத்தில் ஓடு நமுத்துவிடும். ரிக்கோத்தாவை இரவே வடிகட்டி, குளிர்பெட்டியில் 5 டிகிரிக்குக் கீழே வைத்து, கேட்பவர் முன்னால் நிரப்புங்கள். மொழி மேசைக்குக் கன்னோலியைத் தேர்ந்தெடுத்ததற்கும் இதுவே காரணம். நிரப்பும் அந்த அரை நிமிடம் பேச்சுக்குக் கிடைக்கிறது.

7. மேடையும் விளையாட்டும்

மேடையில் ஒலி தொடர்ந்து ஓடக்கூடாது. 30 நிமிடம் நிகழ்ச்சி, 20 நிமிடம் மௌனம். அந்த மௌனத்தில்தான் மக்கள் பேசுகிறார்கள். தாரந்தெல்லா ஆட்டத்தைப் பார்க்க வைப்பதோடு நிறுத்தாமல், முதல் மூன்று அடிகளைக் கற்றுக்கொடுத்து எல்லோரையும் இறக்கிவிடுங்கள்.

எண்களைக் கற்பிக்கத் தொம்போலா என்னும் எண் விளையாட்டைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. 1 முதல் 90 வரை எண்கள். ஒவ்வொரு சீட்டிலும் 15. ஒரே வரிசையில் இரண்டு விழுந்தால் ‘அம்போ’, மூன்று ‘தெர்னோ’, நான்கு ‘குவாதெர்னா’, ஐந்து ‘சின்குவினா’, சீட்டு முழுதும் நிறைந்தால் ‘தொம்போலா’. எண்ணை இத்தாலியத்தில் மட்டும் அறிவியுங்கள், இரண்டு முறை, பிறகு பலகையில் இலக்கத்தைக் காட்டுங்கள். உடனே காட்டினால் யாரும் காதால் கேட்கமாட்டார்கள். அடையாளத்துக்கு உலர்ந்த மொச்சை வையுங்கள்; தாள்துண்டுகள் காற்றில் பறக்கும். நேப்பிள்ஸ் வழக்கில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் உருவம் உண்டு: 90 பயம், 47 செத்தவன், 22 பைத்தியக்காரன். சில எண்களின் பொருள் குழந்தைகள் முன் சொல்லத் தக்கதல்ல. அறிவிப்பாளர் பட்டியலை முன்பே படித்துவைக்கட்டும். சீட்டுக்குக் காசு வாங்காதீர்கள், வாங்கினால் சூதாட்ட விதிகள் குறுக்கே வரும்.

சீட்டு விளையாட்டுக்கு நான்கு மேசை போதும். ஸ்கோப்பாவும் பிரிஸ்கோலாவும் 40 அட்டைகளில் ஆடுவது. நேப்பிள்ஸ் கட்டு, பியச்சென்ட்சா கட்டு, த்ரெவீசோ கட்டு மூன்றும் வாங்கி வையுங்கள். படம் மாறினால் முதியவர்கள் ஆட மறுப்பார்கள்.

8. அச்சுக்குப் போகும் எழுத்து

மொழி விழாவில் பலகையில் பிழை இருந்தால் அதைவிட வருத்தம் வேறில்லை. திரும்பத் திரும்ப வரும் பிழைகள் சில: எஸ்பிரெஸோவில் ஆங்கில எக்ஸ் எழுத்து நுழைவது, ஒன்றை விற்கும்போதும் ‘பனினி’ என்று பன்மையில் எழுதுவது (ஒருமை ‘பனினோ’), ‘மற்றும்’ என்று பொருள்படும் எழுத்துக்கும் ‘இருக்கிறது’ என்று பொருள்படும் எழுத்துக்கும் உள்ள ஒரே வேறுபாடான மேற்கோட்டை விட்டுவிடுவது. அச்சகத்தின் எழுத்துருவில் மேற்கோடு சில நேரம் உதிர்ந்துவிடும். ஆகவே கோப்பைப் பார்த்து ஒப்புதல் தராமல், அச்சடித்த மாதிரித் தாளைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

9. விழா நாள்

காலை ஆறு மணிக்குப் பந்தல். மெல்போர்ன் வசந்தத்தில் வடக்குக் காற்று முன்னறிவிப்பின்றி எழும். ஒவ்வொரு காலிலும் எடை கட்டாத பந்தலின் கீழ் யாரையும் நிற்க விடாதீர்கள். எட்டு மணிக்கு நாற்காலிகள், நிழலில், மேடை ஒலிபெருக்கியிலிருந்து விலகி, கழிப்பறைக்குச் சமதரை வழியோடு. முதியவர்கள் பத்து மணிக்கு வருவார்கள், இரண்டு மணிக்குக் களைப்பார்கள். சொல் சுவரும் சீட்டு மேசையும் அவர்கள் இருக்கும் நேரத்தில் நடக்க வேண்டும், அதனால் அவற்றைக் காலையில் வையுங்கள். இளைஞர் இசைக்குழு பிற்பகலுக்கு.

நடுப்பகலில் மொழிப் பொறுப்பாளர் ஒரு சுற்று நடக்கட்டும். எந்தக் கடையில் ஆங்கிலம் ஏறிவிட்டது என்று பார்த்து, அங்கே ஓர் இத்தாலியம் பேசுபவரை மாற்றிவிட வேண்டும். கூட்டம் அதிகமாகும் நேரத்தில் அட்டை முத்திரை முதலில் கைவிடப்படும். அதற்கென்றே ஒரு மாணவரைக் கடையோரம் நிறுத்துங்கள்.

10. மறுநாள்

சுவரில் ஒட்டிய சொல் தாள்களை யாரும் கிழித்துக் குப்பையில் போடுவதற்கு முன் கழற்றி எடுங்கள். ஒவ்வொரு தாளையும் படம் பிடித்து, சொல், ஊர், சொன்னவர் பிறந்த ஆண்டு ஆகியவற்றைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். சொன்னவரின் ஒப்புதல் இருந்தால் குரலையும் பதிவு செய்ய ஒரு நாள் குறியுங்கள், ஒரு மாதத்துக்குள்ளாகவே. போன முறை நாங்கள் கோடை விடுமுறைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டோம். பிப்ரவரியில் போனபோது இரண்டு வீடுகளில் குரல் இல்லை.

ஐந்து முத்திரை வாங்கியவர்களின் தொலைபேசி எண்கள் மொழி மேசையில் இருக்கும். அந்த வாரமே அவர்களை அழைத்து, மாலை வகுப்பின் அடுத்த தொடக்க நாளைச் சொல்லுங்கள். அழைக்கும்போது ‘புவொனஸேரா’ (மாலை வணக்கம்) என்று தொடங்கிவிட்டு, அவர்கள் பதில் சொல்லும்வரை காத்திருங்கள்.